அளந்து கொடுத்த மானியமும் அளப்பதற்கான மானியமும்



மானியம் என்றொரு சொல் நம் நாட்டில் வழங்குகிறது. இன்று அச்சொல்லைக் கேட்டவுடன் அரசாங்கம் ஒரு காரியத்துக்காக ஒதுக்கித் தரும் பணமே நம் நினைவுக்கு வருகிறது. நம் பாட்டன்மார் காலத்திலோ மானியம் என்றால் பணம் அன்று, நிலம். கோயிலுக்கு மானியம், சத்திரத்துக்கு மானியம், புலவருக்கு மானியம், ஊர்த் தச்சருக்கும் நாவிதருக்கும் மானியம் என்று, வரி நீக்கிக் கொடுத்த நிலத்தையே அச்சொல் குறித்தது. நிலத்தைக் கொடுக்க வேண்டுமானால் முதலில் அதை அளந்தாக வேண்டும். அன்று மானியம் கொடுப்பதற்காக நிலத்தை அளந்தார்கள். இன்று நிலத்தை அளப்பதற்காக மானியம் கொடுக்கிறார்கள். ஒரு சொல்லின் பொருள் இவ்வாறு தலைகீழாய்த் திரும்பியது எப்படி என்பதைத் தென்காசியிலும் குற்றாலத்திலும் நின்றுகொண்டு இந்தச் சிறு பேச்சில் ஆராயலாம் என்று எண்ணுகிறேன்.

தென்காசியை அடுத்த மேலகரத்தில் வாழ்ந்தவர் திரிகூடராசப்பக் கவிராயர். குற்றாலநாதரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு அவர் இயற்றிய குறவஞ்சியை அறியாத தமிழர் இலர். அப்பாட்டின் சுவையில் ஈடுபட்ட மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர், 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கவிராயருக்கு நிலம் மானியமாக அளித்தார். அந்நிலத்துக்குக் குறவஞ்சிமேடு என்றே பெயராயிற்று. பாட்டிலே வரும் குறத்தி தன் மலையின் வளத்தை வாய்மொழியாலேயே அளந்து காட்டிவிடுகிறாள். பாடிய புலவருக்கு வாய்மொழி போதுமா? உழுது பயிரிட வேண்டிய நிலத்துக்கு நான்கு புறமும் எல்லை வேண்டும் அன்றோ?

அந்த எல்லையைப் பழந்தமிழர் எவ்வாறு குறித்தனர் என்பதைக் கல்வெட்டுக்களும் செப்பேடுகளும் கூறுகின்றன. கிழக்கெல்லை இன்னாருடைய வயல், தெற்கெல்லை இன்ன வாய்க்கால், மேற்கெல்லை இன்ன புளியமரம் என்று சொல்லால் எழுதினார்கள். பெண் யானை ஒன்றை முன்னே நடத்தி, அது சுற்றி வந்த தடத்தின்மேல் கல்லை நட்டுக் கள்ளியையும் நட்டார்கள். சிவன் கோயில் நிலத்துக்குச் சூலம் பொறித்த கல்லும், பெருமாள் கோயில் நிலத்துக்குச் சக்கரம் பொறித்த கல்லும் காவலாய் நின்றன. முதலாம் இராசராசன் காலத்தில் 1001ஆம் ஆண்டையொட்டியும், முதலாம் குலோத்துங்கன் காலத்தில் 1086-லும் சோழ நாட்டு நிலம் அளக்கப்பட்டது. இங்கிலாந்தில் வில்லியம் மன்னன் தன் நாட்டு நிலத்தையெல்லாம் கணக்கெடுத்ததும் அதே 1086-ல்தான் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. பாண்டி நாட்டிலே சுந்தரபாண்டியன் கோல் என்று மன்னன் பெயராலேயே ஓர் அளவுகோல் வழங்கியது. கோலின் நீளத்தை யாரும் கூட்டவோ குறைக்கவோ இயலாதபடி அதைக் கோயிற் சுவரிலே வெட்டி வைக்கும் வழக்கமும் தமிழ்நாட்டில் இருந்தது.

இவ்வளவு நுட்பமாக அளந்தவர்களிடத்தும் ஒரு குறை இருந்தது. அவர்கள் எழுதி வைத்தது பட்டியல், படம் அன்று. வாய்க்கால் தடம் மாறினாலும், புளியமரம் புயலில் வீழ்ந்தாலும், பக்கத்து வயல் மூன்று கை மாறினாலும், எல்லை மனிதர்களின் நினைவில் மட்டுமே எஞ்சி நின்றது. நினைவோ வலியவன் பக்கம் சாயும் இயல்புடையது.

1801-ல் கருநாடக நவாபிடமிருந்து திருநெல்வேலிச் சீமையின் ஆட்சி முழுவதும் கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்கு வந்தது. பாளையக்காரர் போர் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. வந்தவர்களுக்கு நாடும் தெரியாது, நாட்டின் வழியும் தெரியாது. சென்னைக் கோட்டையில் 1794-லேயே மைக்கேல் டாப்பிங் என்பவர் ஓர் அளவைப் பள்ளியைத் தொடங்கியிருந்தார். எட்டு மாணவர்களோடு தொடங்கிய அப்பள்ளியே பிற்காலத்தில் கிண்டிப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது. கும்பினியார் இதற்கெல்லாம் பணம் செலவிட்டது குடிகள்மேல் கொண்ட அன்பினால் அன்று. படை நடத்துவதற்கும் வரி தண்டுவதற்கும் படம் வேண்டும் என்பதே அவர்கள் கணக்கு.

அந்தக் கணக்குக்கு அகப்படாத ஒரு கோரிக்கையோடு வந்தார் வில்லியம் லாம்டன் என்னும் படைவீரர். தென்னாட்டைக் கடலோடு கடல் முக்கோணங்களால் இணைத்து அளக்க வேண்டும். அத்துடன் பூமியின் வடிவத்தையே கணக்கிட வேண்டும் என்பது அவர் விருப்பம். சீரங்கப்பட்டணப் போரில் உடன் பணியாற்றிய ஆர்தர் வெல்லெஸ்லியின் ஆதரவு அவருக்கு இருந்தது. ஆயினும் பணம் கொடுக்க வேண்டியவர்களுக்குத் தயக்கம். சீரங்கப்பட்டணத்துக்குப் போக விரும்புகிறவன் பல்லக்குத் தூக்குவோரிடம் சொன்னால் போதாதா, அவர்கள் கொண்டுபோய்ச் சேர்க்க மாட்டார்களா, இதற்கு லாம்டனுடைய படம் எதற்கு என்று நிதிக் குழுவில் ஒருவர் வினவினாராம். அளவைக்குப் பணம் கேட்பவர்கள் அன்று முதல் இன்று வரை எதிர்கொள்ளும் கேள்வி இதுவே. போகும் வழி போகிறவனுக்குத் தெரியும், உழுகிற நிலம் உழுகிறவனுக்குத் தெரியும், படம் எதற்கு என்பார்கள்.

எப்படியோ சென்னை அரசாங்கம் இசைந்தது. 1802 ஏப்ரல் மாதம் பரங்கிமலைக்கு அருகே நூறடிச் சங்கிலி ஒன்றால் ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை லாம்டன் அளக்கத் தொடங்கினார். ஏறத்தாழ நானூறு முறை சங்கிலியைக் கிடத்தி எடுத்து, மே மாதத்தில் அப்பணியை முடித்தார். இதன் சூட்சுமம் எளியது. ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கத்தை மண்ணிலே அளந்துவிட்டால், இரண்டு முனைகளிலும் நின்று மூன்றாம் முனையை நோக்கிக் கோணத்தை அளந்தால் போதும். மற்ற இரு பக்கங்களும் கணக்கிலே கிடைத்துவிடும். அப்படிக் கிடைத்த பக்கமே அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடாகும். இவ்வாறு மலைக்கு மலை, கோபுரத்துக்குக் கோபுரம் முக்கோணம் தாவிச் செல்லும். கோணம் அளக்கும் பெரிய தியோடலைட்டுக் கருவி அரை டன் எடையுள்ளது. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதிச் சிதைந்தது. அதைப் பழையபடி ஒழுங்குபடுத்த லாம்டன் கூடாரத்துக்குள்ளேயே வாரக்கணக்காய் உழைத்தார். 1809-ல் அவர் நம் திருநெல்வேலிச் சீமைக்கு வந்து, பாளையங்கோட்டைக்கு அருகே மீண்டும் ஓர் அடிக்கோட்டை மண்ணிலே அளந்து, தாம் கணக்கால் கண்டது சரியா என்று சோதித்துக்கொண்டார். அம்முக்கோணத் தொடரே வடக்கே ஏறி இமயத்தை எட்டியது. உலகின் மிக உயர்ந்த சிகரத்தின் உயரம் 1856-ல் வெளியிடப்பட்டது அதன் பயனே.

லாம்டனுடைய பெயரையும், அவருக்குப் பின் வந்த எவரெஸ்டுடைய பெயரையும் உலகம் அறியும். சங்கிலியைச் சுமந்தவர்கள், மலையுச்சியிலே கொடி பிடித்து நின்றவர்கள், காட்டுக் காய்ச்சலிலே மடிந்தவர்கள் ஆகிய நம்மவர் பெயர்கள் எந்தப் படத்தின் மூலையிலும் இல்லை. அவர்களையும் இங்கே நினைத்துக்கொள்வது நம் கடமை.

இனிக் குற்றால மலைப்பக்கம் திரும்புவோம். சாரல் வீசும் காலத்தில் அருவியைக் காண வருகிற நாம், அந்த மலை ஒரு காலத்தில் இரண்டு அரசுகளின் எல்லையாய் இருந்ததை மறந்துவிடுகிறோம். குற்றாலத்துக்குச் சில மைல் தொலைவிலே உள்ள செங்கோட்டை, திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்னும் இரு லெப்டினன்டுகள் திருவிதாங்கூரையும் கொச்சியையும் அளந்து படம் வரைந்து, ஊர், குளம், காடு, கணவாய் எல்லாவற்றையும் விவரித்து எழுதினார்கள். சமஸ்தானத்து நிலவரித் திட்டத்துக்கான விரிவான அளவை 1883-ல் தொடங்கி 1911-ல் முடிந்தது. ஆகவே, ஒரே சாரலில் நனைந்த இரண்டு ஊர்களில் தென்காசியின் கணக்குச் சென்னையிலும், செங்கோட்டையின் கணக்குத் திருவனந்தபுரத்திலும் இருந்தன. 1956 நவம்பர் 1ஆம் நாள் செங்கோட்டை நம் மாநிலத்தோடு இணைந்தபோது, மக்களோடு அவர்களுடைய நிலப்படங்களும் வர வேண்டியிருந்தது. மொழியால் ஒன்றுபட்டவர்களும் கணக்கால் ஒன்றுபடுவதற்குக் காலம் வேண்டும்.

மலைகளை அளந்தது ஒரு வகை. வயலை அளந்தது வேறொரு வகை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த பைமாஷ் என்னும் பழைய அளவை குத்துமதிப்பும் கோலும் கலந்தது. 1858-லிருந்து சென்னை மாகாணத்தில் வயல் வயலாய் அளக்கும் முறையான அளவை தொடங்கிற்று. திருநெல்வேலிச் சீமைக்கு அது 1860-களிலும் 1870-களிலும் வந்தது. ஒவ்வொரு புலத்துக்கும் ஓர் எண் கொடுத்து, மூலைதோறும் கல் நட்டு, அறுபத்தாறு அடிச் சங்கிலியால் அளந்து, அளவுகளைப் புலப்படத்தில் எழுதினார்கள். அச்சங்கிலியில் நூறு கண்ணிகள் உண்டு. ஆயிரம் சதுரக் கண்ணிகள் ஒரு சென்டு. நூறு சென்டு ஓர் ஏக்கர். ஜமீன் ஊர்கள் பலவற்றுக்கு இந்த முறை எட்டியது 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்த பின்னரே. நோக்கம் வரியே, ஐயமில்லை. ஆனால் வரிக்காக வரைந்த அந்தப் படம், வரைந்தவர்கள் எண்ணாத ஒரு நன்மையையும் செய்தது. ஏழையின் எல்லையை வலியவனுடைய நினைவிலிருந்து பிரித்துக் காகிதத்தில் வைத்தது.

இதை நான் ஏட்டிலே படித்துச் சொல்லவில்லை. என் வீட்டிலே கண்டு சொல்கிறேன். எங்கள் ஊர் சிற்றாற்றுப் பாசனத்தைச் சேர்ந்தது. என் தகப்பனாரின் தமக்கை, இளம் வயதிலேயே கணவரை இழந்தவர், வாய்க்காலை ஒட்டிய மூன்று மூலை நிலம் ஒன்றை வைத்துப் பிழைத்து வந்தார். 1980-ல் தமிழ்நாட்டில் பரம்பரைக் கர்ணம் பதவி ஒழிந்தது. 1979 முதல் 1987 வரை நில உடைமைப் பதிவுகளையெல்லாம் புதுப்பித்து எழுதும் பெரும்பணி மாநிலமெங்கும் நடந்தது. வேண்டிய பணிதான். ஆனால் பழைய ஏட்டிலிருந்து புதிய ஏட்டுக்குப் பெயர்களை மாற்றி எழுதுகையில், அத்தையின் உட்பிரிவு பக்கத்து நிலத்தோடு சேர்ந்து, பக்கத்து நிலத்துக்காரர் பெயரில் ஏறிவிட்டது. அது அத்தைக்குத் தெரியாது. கூட்டுறவுச் சங்கத்திலே பயிர்க்கடன் கேட்கப் போனபோதுதான், "உங்கள் பெயரில் நிலம் இல்லையே, அம்மா" என்றார்கள்.

"நிலம் அங்கேதானே கிடக்கிறது? கல்லும் கிடக்கிறதே!" என்றார் அத்தை. நிலம் கிடப்பது வேறு, பெயர் கிடப்பது வேறு என்பதை அவருக்கு விளக்க என்னால் முடியவில்லை. ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கும், அங்கிருந்து திரும்ப முதல் அலுவலகத்துக்குமாக நானும் அவரும் நான்கு ஆண்டுகள் நடந்தோம். வழிச் செலவுக்காக அத்தை தம் பசுமாட்டையும் விற்றார். பக்கத்து நிலத்துக்காரர் கெட்டவர் அல்லர். ஆனால் தாமாக வந்த லாபத்தைத் தாமாக விட்டுக்கொடுக்கும் மனம் எல்லோருக்கும் வாய்த்துவிடாது.

முடிவில் எங்களைக் காப்பாற்றியது பழைய புலப்படத்தின் நகல் ஒன்று. அதிலே ஒரு சிறு முக்கோணம். அடி 220 கண்ணி, உயரம் 100 கண்ணி என்று அதில் எழுதியிருந்தது. இளைஞரான நில அளவர் ஒருவர் ஒரு நாள் காலையில் சங்கிலியோடு வந்தார். தென்பட்ட இரண்டு கற்களிலிருந்து அளந்து, மூன்றாவது கல் இருக்க வேண்டிய இடத்தைக் காட்டித் தோண்டச் சொன்னார். வரப்பின் அடியில் ஒரு முழ ஆழத்தில் கல் இருந்தது. பெருக்கிப் பாதியாக்கினால் 11,000 சதுரக் கண்ணி. அதாவது 11 சென்டு. மலைக்கு மலை லாம்டன் கட்டிய முக்கோணத்துக்கும் என் அத்தையின் முக்கோணத்துக்கும் கணக்கு ஒன்றே என்று அன்றுதான் எனக்குத் தோன்றிற்று. திருத்திய பட்டா வந்தபோது அத்தை படுக்கையில் இருந்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. பட்டாவை ஒதுக்கிவிட்டுப் புலப்பட நகலைக் கேட்டு வாங்கி, அந்த மூன்று கோடுகளின்மேல் விரலை ஓட்டிப் பார்த்துக்கொண்டார்.

இந்தக் கதையில் தவறியது எது? அளவை தவறவில்லை. நூறாண்டுக்கு முன் நட்ட கல் இருந்த இடத்திலேயே இருந்தது. அளந்ததைப் பேணுவதிலேதான் தவறு நேர்ந்தது. இங்கேதான் மானியத்தின் கேள்வி வருகிறது.

கும்பினியார் காலத்திலும் அதன் பின்னரும் அளவைக்குச் செலவிட்ட பணம் நிலவரியாய்த் திரும்பி வந்தது. ஆகவே அரசாங்கம் தன் ஆதாயத்துக்காகவே அளந்தது. இன்றோ நிலவரி அரசாங்க வருவாயில் ஒரு சிறு துளி. அளப்பதனால் கருவூலத்துக்கு வரவு இல்லை. வரவு முழுவதும் குடிமகனுக்கு. வரவில்லாத பணிக்கு மாநிலங்கள் மனமுவந்து பணம் ஒதுக்குவது அரிது. ஆகவேதான் மத்திய அரசின் மானியம் வேண்டுவதாயிற்று. 1987-88-ல் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிப்பதற்கான திட்டம் ஒன்று செலவில் சரிபாதியை மத்திய அரசு ஏற்கும் முறையில் வந்தது. 1988-89-ல் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் திட்டம் முழுச் செலவையும் மத்திய அரசே ஏற்கும் முறையில் வந்தது. 2008-ல் இரண்டையும் இணைத்துத் தேசிய நிலப் பதிவேடு நவீனமயத் திட்டம் பிறந்தது. 2016 முதல் அது முழுவதும் மத்திய அரசின் பணத்தில் நடைபெறும் திட்டமாயிற்று. 2020-ல் தொடங்கிய ஸ்வமித்வா திட்டத்தில், ஆளில்லாச் சிறு விமானங்கள் ஊர்களின் குடியிருப்புப் பகுதிகளை வானிலிருந்தே படமெடுத்தன. சங்கிலி பிடித்த கை இன்று செயற்கைக்கோளின் சைகையை வாங்கும் கருவியைப் பிடிக்கிறது.

இவையெல்லாம் போற்றத் தக்கனவே. வீட்டிலிருந்தபடியே பட்டாவைப் பார்க்கும் வசதி என் அத்தைக்கு அன்று இருந்திருக்குமானால், தவறு நேர்ந்த ஆண்டிலேயே அது வெளிப்பட்டிருக்கும். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இருக்கும் ஏட்டைக் கணினியில் ஏற்றும் பணி விரைந்து நடந்தது. நிலத்திலே இறங்கி மீண்டும் அளக்கும் பணியோ நாடெங்கும் பின்தங்கி நின்றது. காரணம் வெளிப்படை. கணினி வாங்கினால் அதைக் காட்டலாம். எத்தனை ஊர் ஏறியது என்று எண்ணிச் சொல்லலாம். வரப்பிலே நின்று இரு தரத்தாரையும் வைத்துக்கொண்டு கல்லைத் தேடுவது மெல்ல நடக்கும் வேலை. ஆள் வேண்டும், பொறுமை வேண்டும், ஆண்டுதோறும் பணம் வேண்டும். தவறான ஏட்டைக் கணினியில் ஏற்றினால் தவறும் ஏறும். முன்னிலும் அழகிய எழுத்தில் ஏறும். 2019 நவம்பர் 22ஆம் நாள் தென்காசி தனி மாவட்டமாயிற்று. மாவட்டத்துக்குப் புதிய படம் ஒரு நாளில் வரைந்துவிடலாம். அப்படத்துக்குள் அடங்கிய ஒவ்வொரு வயலின் மூன்றாவது கல்லும் இருக்கும் இடத்தில் இருக்கிறதா என்பதே உண்மையான கேள்வி.

முடிவாக ஒன்று சொல்லி அமைகிறேன். தென்காசியில் காசி விசுவநாதருக்குக் கோயில் எடுப்பித்தவர் 15ஆம் நூற்றாண்டிலே ஆண்ட பராக்கிரம பாண்டியர். அக்கோயிற் கல்வெட்டுப் பாடலொன்றில் அவர் தம் புகழைப் பேசவில்லை. பிற்காலத்தில் இக்கோயிலுக்கு ஒரு குறை நேர்ந்தால், அதைச் செப்பனிட்டுக் காப்பவர் எவரோ அவர் அடியை வணங்குகிறேன் என்கிறார். எடுப்பித்த அரசர், பேணப்போகும் முகமறியாத ஒருவருக்கு முன்கூட்டியே தலைவணங்குகிறார். கோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாய் நின்றது உண்மை. 1990-ல் அது புதுக்கி எழுப்பப்பெற்றுக் குடமுழுக்குக் கண்டதும் உண்மை.

கோயிலுக்கு அந்தப் பாண்டியர் கண்ட உண்மையே நிலப்படத்துக்கும் பொருந்தும். அளப்பதற்கு மானியம் கொடுப்பது நல்லது; அளந்ததை ஆண்டுதோறும் பேணுவதற்கு மானியம் கொடுப்பது அதனினும் நல்லது. அவ்வாறு பேணுகிறவர் ஓர் அமைச்சராக இருக்கலாம், அதிகாரியாக இருக்கலாம், சங்கிலியோடு வந்து வரப்பைத் தோண்டச் சொன்ன அந்த இளைஞராகவும் இருக்கலாம். அவர் யாராயினும், பராக்கிரம பாண்டியர் செய்த வணக்கத்தில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.